ஈட்டியோடு போனவர்கள் கண்ட கப்பல்

டாக்குரியா ஏரி என்று எங்கள் பேட்டையின் பழைய மனிதர்கள் இன்றும் சொல்லிவரும் ரவீந்திர சரோவரம், 1920களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டு தென்பகுதிச் சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கியதும், 1958-ஆம் ஆண்டில் மகாகவியின் பெயரைப் பெற்றதுமான ஒரு செயற்கை நீர்நிலை. படகு வலிப்பதற்கும் நீச்சல் பயில்வதற்கும் அதன் கரையிலே சங்கங்கள் இருக்கின்றன. வடமேற்கே லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்கிவரும் தமிழர் குடும்பங்களில், பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்த பெருமை பல தலைமுறைகளாக இந்த ஏரியைச் சார்ந்தது. ஆனால் அதன் நீர் பச்சை நிறமானது. மார்பளவு தண்ணீரில் நிற்பவனுக்குத் தன் முழங்கால் தெரியாது. நீரின்மேல் மிதக்க இந்நகரம் நமக்குக் கற்பிக்கும். நீருக்குள் பார்ப்பதற்கு நாம் வேறு திசை நோக்கிப் பிரயாணம் செய்யவேண்டும்.

ஹூக்ளி நதியில் மூழ்கிய கப்பல்களுக்குக் குறைவில்லை. 1694-ஆம் ஆண்டு செப்டம்பரில், மிளகும் செம்மரமும் ஏற்றிக்கொண்டு நதிவழியே மேலேறி வந்த 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பல், தாமோதர், ரூபநாராயண் நதிகள் வந்து கலக்கும் பகுதியில் மணல்திட்டில் தட்டிக் கவிழ்ந்து முதுகொடிந்து போயிற்று. அன்றுமுதல் அந்தத் திட்டுக்கே அக்கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது. பின்வந்த இரண்டு நூற்றாண்டுகளில் அது காவுகொண்ட கலங்கள் பல. எனினும் அவற்றுள் ஒன்றைக்கூட யாரும் முகமூடி அணிந்து குனிந்து பார்த்து மகிழ்ந்ததாகக் கேள்வியில்லை. நதியின் வேகமும் ஏற்றவற்றமும் கப்பலின் அடிமணலை அரித்துச் சாய்க்க, வண்டல் அதன்மேல் படிந்து, சில நாட்களுக்குள் பாய்மரம்வரை விழுங்கிவிடுவதே இங்குள்ள வழக்கம்.

கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, தெளிந்த நீரில் ஆழமின்றிக் கிடந்து, பிற்காலத்தார் காணும்படி எஞ்சிய கப்பல் ஒன்று உண்டு. அதைக் காண்பதற்கு டாஸ்மேனியாவரை போகவேண்டும். 'சிட்னி கோவ்' என்னும் அந்தக் கப்பலை, கல்கத்தா வணிகர்களான காம்ப்பெல் அண்ட் கிளார்க் நிறுவனத்தார், அரிசி, தேயிலை, புகையிலை, சீனத்துப் பீங்கான், இவை எல்லாவற்றையும்விடப் பெருமளவில் ரம் ஆகியவற்றை ஏற்றி, 1796 நவம்பரில் புதிதாகத் தோன்றியிருந்த சிட்னிக் குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் நீர் கசிந்து, 1797 பிப்ரவரியில் அது பிரிசர்வேஷன் தீவின் அருகே தரைதட்டியது. உதவி கோரிச் சிறு படகில் கிளம்பிய 17 பேரும் ஆஸ்திரேலியக் கரையில் மறுபடி விபத்துக்குள்ளாகி, 600 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார்கள். சிட்னி போய்ச் சேர்ந்தவர் மூவரே, அவருள் ஒருவர் இந்தியர். கப்பலோ ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. 1977-இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பாட்டில்களில் உயிரோடு தங்கியிருந்த ஈஸ்டை வளர்த்து, 2018-இல் ஆஸ்திரேலியர்கள் பீர் வடித்து விற்றதையும் சொல்லாமல் விடலாகாது. ஒரு கப்பற்சேதத்திலிருந்து பானம் இறக்குவதற்கு அந்த நாட்டாரால்தான் முடியும்.

ஆழமற்ற நீரில் கிடக்கும் கப்பலைக் காண மனிதனுக்குத் தேவையான சாதனங்கள் மூன்றே. நம் கண் காற்றிலே பார்ப்பதற்கென்று அமைந்தது. விழியின் முன்புறப் படலம் ஒளியை வளைக்கும் சக்தி, அதன்மேல் நீர் வந்து தொட்டவுடன் பெரும்பாலும் அற்றுப்போவதால், கடலுக்குள் வெறுங்கண் திறந்தவனுக்கு எல்லாம் கலங்கிய நிழல்களே. விழிக்கும் நீருக்கும் நடுவில் கொஞ்சம் காற்றை நிறுத்திவைக்கும் கண்ணாடி முகமூடியை அணிந்த அக்கணமே உலகம் தெளிகிறது. ஆயினும் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தோன்றுகின்றன. மீன் பிடித்தவர்கள் கரையேறிச் சொல்லும் அளவுகளை ஓரளவு மன்னிப்பதற்கு இயற்கையே அளித்த நியாயம் இது. இரண்டாவது, ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுக்குழாய். அது ஏன் ஒரு முழத்துக்கு உட்பட்ட நீளத்திலேயே இருக்கிறது, ஒரு கஜம் நீளமாகச் செய்து ஆழத்தில் சுகமாக உலாவக்கூடாதா என்று கேட்காத சிறுவன் இல்லை. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் மார்பை அழுத்தும் வலிமையை எதிர்த்து மேலிருந்து காற்றை இழுக்க நம் விலாத் தசைகளுக்குத் திராணி போதாது. அன்றியும், நீண்ட குழாயில் நாம் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். மூன்றாவது, கால்களில் மாட்டும் ரப்பர்த் துடுப்பு. இவ்வளவோடு நீர்ப்பரப்பில் குப்புற மிதந்து கீழே பார்ப்பவனுக்கு ஆபத்து மிகக் குறைவு.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு தலைகீழாகக் கீழே போகத் தொடங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. காதுச் சவ்வு உள்நோக்கி அமுங்கி வலிக்க, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன்செய்தாலன்றி மேற்கொண்டு இறங்க முடியாது. இதைவிடக் கொடியது, வலியே இல்லாத ஒன்று. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை நமக்கு உண்டாக்குவது பிராணவாயுவின் குறைவு என்று நினைப்பது இயல்பு. உண்மையிலோ, பெரும்பாலும் உடலில் கரியமிலவாயு சேர்வதே அத்தவிப்புக்குக் காரணம். இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கிக் கரியமிலவாயுவை வெளியேற்றிவிட்டவன், கீழே வெகுநேரம் சௌகரியமாக இருக்கிறான். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. பிராணவாயு செலவாகிக்கொண்டேயிருக்கிறது, ஆழத்தின் அழுத்தத்தால் எஞ்சிய சிறிதளவும் இரத்தத்தில் செறிந்து அவனைத் தாங்குகிறது. மேலே வர வர அழுத்தம் தளர்ந்து அந்த ஆதரவும் விலகிவிட, நீர்ப்பரப்புக்கு ஓரிரு மீட்டர் கீழே, வெளிச்சம் கண்ணில் படும் இடத்திலே, ஒரு சிறு முனகலும் இன்றி மூர்ச்சையாகிவிடுகிறான். நல்ல நீச்சல்காரர்களே இவ்விதம் இறக்கிறார்கள் என்பதுதான் இதன் விபரீதம்.

ஆகவேதான், ஒருவர் கீழே இருக்கையில் மற்றொருவர் மேலிருந்து கண்காணிக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி. நம் முத்துக்குளித்துறையார் இதை எந்தப் பௌதிக சாஸ்திரமும் படியாமலே அறிந்திருந்தார்கள். கல்லின் பாரத்தால் இறங்கிச் சிப்பி வாரும் குளியாளிக்குத் தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் அவன் மைத்துனனாக இருக்கவேண்டும் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் சொல்வார்கள். தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதை வேறு எவன் மறவாமல் இருப்பான்?

மூழ்கிய கப்பலில் மீன் ஏன் கூடுகிறது? வெப்பக் கடற்கரைகளின் அடித்தளம் பெரும்பாலும் மணல். மணல் அலைந்துகொண்டே இருப்பதால் அதில் எதுவும் வேரூன்றி வாழ இயலாது. அங்கே இரும்போ மரமோ கல்லோ திடமாக ஒன்று வந்து விழுந்தால், பாசியும் சிப்பியும் கடற்பஞ்சும் பவளமும் அதைப் பற்றிக்கொள்கின்றன; அவற்றைக் கொறிக்கச் சிறு மீன்களும், சிறு மீன்களைத் தின்னப் பெருமீன்களும் வருகின்றன. நீரோட்டம் அதன்மீது மோதி மேலெழுவதால் உணவுத் துணுக்குகள் ஓயாமல் வந்துசேரும். பாறைமீனும் சீலாவும் வெளியே வட்டமிடும். செப்பிலி கூட்டமாக நிழலில் நிற்கும். அஞ்சாளை குழாய்க்குள்ளிருந்து தலை நீட்டும். உள்ளறையின் இருட்டில், இந்த வீடு என்னுடையது என்ற பாவனையில், கலவா அசையாமல் இருக்கும். நம் மீனவர்கள் பார் என்று வழங்கும் கடலடிப் பாறைத்திட்டு செய்யும் வேலையை உடைந்த கப்பலும் செய்கிறது.

அந்தக் கலவாவை நாடித்தான் ஈட்டிக்காரன் வருகிறான். மண்டா எறிந்து பெருமீனைக் குத்துவது நம் கரைகளிலும் பழைய தொழிலே. அது தோணியின்மேல் நின்று செய்வது. மீனின் வாசஸ்தலத்துக்கே இறங்கிச் சென்று வேட்டையாடும் நாகரிக விளையாட்டு, 1930களில் பிரான்சின் தென்கரையில் வடிவம் பெற்றது. அங்கே வசித்த கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1938-இல் இதைப்பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பிற்காலத்தில் முக்குளிப்பால் உலகப் புகழ் பெற்ற கூஸ்தோவும் முதலில் ஈட்டியோடுதான் கடலில் இறங்கினார். இதற்குரிய துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை: நீண்ட தண்டு, அதன் தலையில் பூட்டிய தடித்த ரப்பர்ப் பட்டைகள், முள் வைத்த எஃகு அம்பு, அம்பையும் தண்டையும் இணைக்கும் கயிறு, விசை, அவ்வளவே. நீரின் தடை மிகுதியாதலால் அம்பு சில மீட்டர் தூரத்துக்குமேல் பயன்படாது. எனவே வேட்டைக்காரனின் திறமை குறிபார்ப்பதில் பாதிதான். துடுப்பை அடிக்காமல், நேராக உற்றுப் பார்க்காமல், அக்கறையில்லாதவன்போல் பக்கவாட்டில் நெருங்குவதில் மறுபாதி. மீனின் விலாவரியில் ஓடும் உணர்வுக்கோடு நீரின் சிறு அதிர்வையும் அதற்கு அறிவித்துவிடும்.

மாறி மாறி மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தன் உடல்வலிமையை மட்டும் நம்பி, உண்ணத்தக்க ஒரு மீனைத் தேர்ந்து கொல்பவனை, கண்ணில் படாத ஆயிரம் குஞ்சுகளையும் வாரிச் சுருட்டும் இழுவலையைவிடக் கொடியவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் கப்பற்சேதத்தில் ஈட்டி வீசுவது வேறு விஷயம் என்பது என் அபிப்பிராயம். கலவா இனத்தில் பல, பெண்ணாகப் பிறந்து, ஆண்டுகள் பல கழிந்து பருத்தபின் ஆணாக மாறுபவை, மெல்ல வளர்பவை, இருந்த இடத்தை விட்டு எளிதில் நகராதவை. வேட்டைக்காரன் தேடுவதோ எப்பொழுதும் அவற்றுள் மிகப் பெரியதை. நாலைந்து வார இறுதிகளில் ஒரு கப்பலின் கிழவர்களை எல்லாம் தீர்த்துவிட்டால், சந்ததிக்கு வேண்டிய ஆண்களையே தீர்த்ததாகும். இதை நான் விஸ்தாரமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில், மாடி வீட்டு வங்காளி நண்பர் பொறுமையோடு கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தாதா, கடுகு அரைத்துவிட்டால் அந்த மீன் எப்படி இருக்கும்?" என்று வினவினார். பேட்கியும் இலிசும் வாழும் தேசத்தில் ஜீவகாருண்யத்தைத் தராசில்தான் நிறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈட்டியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து வேறொன்றுக்கும் மனிதர்கள் போய்ச் சேர்ந்த கதை, தமிழர்க்கு அண்டையிலேயே, இலங்கைக் கடலில் நிகழ்ந்தது. தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் பணியாற்றிய ராட்னி ஜொங்க்லாஸ், டச்சு வம்சாவளியினர், மீனியல் கற்றவர், இலங்கையில் கடலடி ஈட்டி வேட்டையை வளர்த்த முன்னோடி. 1954 டிசம்பரில், ஆஸ்திரேலியப் பவளத்திட்டுக்குப் போகும் வழியில் கொழும்பில் கப்பல் நின்றபோது, ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் அவரைச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாகவே, கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் 1956-இல் இலங்கைக்கே வந்து குடியேறினார்கள். விண்வெளிப் பிரயாணத்தைக் கதைகளில் எழுதிய மனிதர், பாரம் இழந்து மிதக்கும் அனுபவத்தைப் பூமியிலே பெறத்தக்க ஒரே இடம் கடல் என்று கண்டுகொண்டதில் ஆச்சரியமில்லை. வில்சனோ புகைப்படக்காரர், அஞ்சாத முக்குளிப்பாளர், ஈட்டிக்காரர்.

இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தைக்கு எதிரே கடலில், நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாறைத்தொடர் ஒன்றுண்டு. ஆங்கிலேயர் அதைக் கிரேட் பாசஸ் என்பார்கள். சிங்களவர் வழக்கில் அது மகா இராவணக் கோட்டை. இராவணனின் பழைய இராஜ்யம் கடலுக்குள் அமிழ்ந்த இடம் என்பது ஐதிகம். பம்பாயிலிருந்தும் சூரத்திலிருந்தும் வங்காளத்துக்கு வரும் கப்பல்கள் இலங்கையைச் சுற்றித் திரும்பும் மூலையில் அது இருந்தபடியால், எத்தனையோ கலங்கள் அதில் மோதி மாய்ந்தன. 1873-இல் ஸ்காட்லாந்துக் கருங்கல்லைக் கொணர்ந்து அங்கே கலங்கரை விளக்கம் எழுப்பினார்கள். கல்கத்தாத் துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் அந்த விளக்கை வாழ்த்தியிருப்பார்கள். இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே, மார்ச்சு நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை சில வாரங்கள் மட்டுமே அங்குக் கடல் இறங்கத் தக்கபடி அடங்கும். மற்ற மாதங்களில் அலை பாறைமேல் வெண்மையாக வெடித்துக்கொண்டேயிருக்கும்.

1961 மார்ச்சு 22-ஆம் தேதி, படம் எடுப்பதற்காக இரு அமெரிக்கச் சிறுவர்களுடன் வில்சன் அங்கே நீரில் இறங்கியிருந்தார். பாறை இடுக்கில் வெண்கலச் சிறு பீரங்கி ஒன்று தென்பட்டது, அதன் அருகே இன்னொன்று, பின்னர் நாணயங்கள். ஏறத்தாழ 10 மீட்டர் ஆழந்தான். மரக்கலத்தின் மரம் அனைத்தையும் புழுவும் அலையும் தின்று தீர்த்திருந்தன. இரும்புப் பீரங்கிகளும் நங்கூரங்களும் பவளப்படிவத்தில் பாறையோடு பாறையாக ஒட்டிப்போயிருந்தன. வெள்ளி ரூபாய்கள் கட்டிகட்டியாகக் கிடந்தன. ஆயிரம் நாணயங்கள் கட்டிய பை அப்படியே இறுகி, பை அழிந்தபின்னும் பையின் வடிவம் மாறாமல் இருந்தது. உடைத்துப் பார்த்தால் வெளிப்புறத்து நாணயங்கள் கறுத்து அரிக்கப்பட்டிருக்க, உள்ளே இருந்தவை நாணயச்சாலையை விட்டு அன்று வந்தவைபோல் மின்னின. எழுத்து பாரசீகம், பேரரசர் ஔரங்கசீப், அச்சடித்த இடம் சூரத், ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1702-ஐ ஒட்டியது. யார் கையிலும் புழங்காத புதுப்பணம்.

அங்கு நடந்த மற்றொன்று புதையலைவிடச் சுவையானது. 1963-இல் திரும்பிச் சென்றபோது, கிளார்க்கும் வில்சனும் பீட்டர் த்ராக்மார்ட்டன் என்னும் கடலடி அகழ்வாளரை உடன் அழைத்துக்கொண்டார்கள். மத்தியதரைக் கடலில், மூழ்கிய கப்பலையும் நிலத்துத் தொல்பொருள் போலவே அளந்து, வரைந்து, பிறகே தொடவேண்டும் என்ற முறையை நிலைநாட்டியவர்களில் அவர் ஒருவர். எந்தப் பீரங்கி எத்திசை நோக்கிக் கிடக்கிறது, நங்கூரம் எங்கே, கட்டிகள் எங்கே என்று வரைபடம் இடுவதில் அந்தக் குறுகிய பருவத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஈட்டியின் விசையில் விரல் வைத்துப் பழகியவர்களின் கையில் அளவு நாடா ஏறியது. அவர்கள் எடுத்த வெள்ளிக் கட்டிகளில் ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிச்சாலைக்குச் சென்றது. 1964-இல் கிளார்க் இவ்வரலாற்றை நூலாக எழுதினார்.

நம் கரையிலும் அந்த வெள்ளிக் கப்பலுக்கு ஒப்பான ஒன்று இருக்கிறது. பூம்புகாருக்கு எதிரே கடலில், ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தார் 1991-இல் ஆராய்ந்த கப்பற்சேதத்தில் ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் 1791, 1792 என்னும் ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. மூச்சுக்குழாய்க்காரன் எட்டும் ஆழமன்று அது, நீரும் கலங்கல். மன்னார் வளைகுடாவில் நீர் தெளிவுதான்; ஆனால் அங்கே 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கலவா இனத்தில் மிகப் பெரியதான இராட்சதக் கலவாவை 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே சேர்த்துவிட்டார்கள். அதைக் குத்துவதும் புலியைச் சுடுவதும் அன்றைய சட்டத்தின் கண்ணில் ஒன்றாயின. இலங்கையிலும் ஈட்டித் துப்பாக்கி வேட்டை தடைசெய்யப்பட்டுவிட்டது. ஹிக்கடுவைக்கு அருகே 1903-இல் பாறையில் மோதி மூழ்கிய 'காஞ்ச்' என்னும் எண்ணெய்க் கப்பலைச் சுற்றி இன்று மீன் பார்க்கப் போகிறவர்கள், கையில் காமிராவை மட்டுமே கொண்டுபோகிறார்கள்.

கிளார்க் 1962-இல் இளம்பிள்ளைவாதம் போன்ற நோயால் வீழ்ந்து, நிலத்தில் நடை தளர்ந்தபிறகும், நீருக்குள் தடையின்றிச் சஞ்சரித்து, 2008-இல் கொழும்பில் காலமானார். ஜொங்க்லாஸ், கடல்மீன்களை உயிரோடு சேகரித்து வளர்ப்பதைப் பற்றி நூல் எழுதினார். வில்சனின் பாதைதான் விசித்திரமானது. 1620களில் போர்த்துகீசியர் திருக்கோணமலையிலே சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயத்தைத் தகர்த்துக் கடலில் தள்ளிய தூண்களையும் கற்களையும், சுவாமி மலையின் அடியில் முக்குளித்து 1956-இல் அவரும் கிளார்க்கும் கண்டார்கள். அக்கடலிலிருந்து அவர் எடுத்த சுயம்புலிங்கம், மீண்டும் எழுந்த கோயிலில் வைக்கப்பெற்றது. கடலுள் மறைந்த கோயிற்புதையலைக் கருவாகக் கொண்டு, 'ரன் முத்து தூவ' என்ற முதல் வண்ணச் சிங்களப் படத்தை 1962-இல் இயக்கினார். பிறகு 1970களில், படத்தொழிலையும் பொருளையும் விட்டு, சுவாமி சிவ கல்கி என்ற பெயரோடு சந்நியாசியாகி, கதிர்காமக் கந்தனின் அடியவர்களில் ஒருவரானார். வெள்ளிக் கட்டிகளை எடுக்க அவர் படகேறிய கிரிந்தையிலிருந்து கதிர்காமம் ஒரு நாள் நடையில் எட்டிவிடும் தூரந்தான். அதைக் கடக்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.